வெறிச்சோடிய சர்வைவல் உலகத்தில் ஆட்களைக் குடியேற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சர்வைவல் கேம் (உயிர்பிழைத்துத் தாக்குப்பிடிக்கும் ஆட்டம்) ஒன்றில் வீடு கட்டியாகிவிட்டது, பயிர் விளைகிறது, பெட்டிகள் நிறையச் சாமான் இருக்கிறது, ஆனால் எங்கே திரும்பினாலும் ஆள் அரவமே இல்லை. கிராமவாசிகளையும் கூடவே வரும் ஒரு துணையையும் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற மோடை (கேமில் புதிதாக எதையாவது சேர்க்க மற்றவர்கள் எழுதிய நிரலை) போடலாமா, நாமே எழுதலாமா, எதில் தொடங்குவது?

இந்த மாதிரி மோடுகளை எழுதுவதிலும், மற்றவர்கள் எழுதியதைப் பிரித்துப் பார்ப்பதிலும் எனக்கு நீண்ட காலப் பழக்கம். நேராகவே சொல்கிறேன், ஊரில் தொடங்காதீர்கள், ஒரே ஒரு ஆளில் தொடங்குங்கள். இருபது பேரை ஒரே நேரத்தில் இறக்கிவிட்டால் இருபது பொம்மைகள் நடமாடும், அவ்வளவுதான், உலகம் முன்னைவிட வெறுமையாகக்கூடத் தோன்றும். எதிரே நிற்பது ஒரு ஆள் என்று நம் மனது ஏற்றுக்கொள்ள இரண்டு விஷயம் வேண்டும்: நாம் சொல்லாமலே அவர் ஏதாவது செய்ய வேண்டும், நாம் செய்ததை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரு ஆளிடம் வந்துவிட்டால் அதைப் பத்துப் பேருக்கு விரிப்பது சுலபம். ஒருவரிடம்கூட வரவில்லை என்றால் நூறு பேரைச் சேர்த்தும் பயனில்லை.

அதற்கு முன்னால், அந்தத் தனிமை உங்கள் கேமில் எதற்காக இருக்கிறது என்று பாருங்கள். தி லாங் டார்க் கேமின் சர்வைவல் பகுதியில் உறைந்த பிணங்களும் கைவிடப்பட்ட வீடுகளும் ஓநாய்களும்தான் எதிர்ப்படும், பேசிப் பழக வழியில் ஒருவர் வரமாட்டார். அங்கே தனிமைதான் கேமே. ஒரு துணையைச் சேர்த்தால் குளிரும் பயமும் பாதியாகக் குறைந்துவிடும். இதற்கு நேரெதிர் ஃபால்அவுட் 76. 2018 நவம்பரில் அது வந்தபோது மனித என்பிசி (கணினி இயக்கும் பாத்திரம்) ஒருவர்கூடக் கிடையாது, கதை முழுவதையும் ஒலிநாடாக்களும் குறிப்புகளும் ரோபோக்களும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரின் கடைசிக் குரலைக் கேட்கிறோம், போய்ப் பார்த்தால் அவர் எப்போதோ இறந்துபோயிருக்கிறார், இது திரும்பத் திரும்ப நடந்ததும் கேட்பதில் அக்கறையே போய்விட்டது. 2020 ஏப்ரலில் வேஸ்ட்லேண்டர்ஸ் அப்டேட்டில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதே நிலம், அதே மலை, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவர் இருக்கிறார், நாம் சொல்லும் பதிலுக்குப் பொருள் இருக்கிறது என்றதும் ஆட்டமே வேறாகிவிட்டது. உங்கள் உலகம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தி லாங் டார்க் பக்கம் என்றால் ஒரு நாய், ஒரு ரேடியோ குரல், தூரத்து மலையில் எப்போதாவது தெரியும் புகை, இவையே போதும். ஊர் தேவைப்படாது.

சரி, ஊர் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஆள் உங்கள் கூடவே வரும் துணை.

துணை என்றதும் எல்லோரும் முதலில் சண்டையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், எந்த ஆயுதம் கொடுக்கலாம், எவ்வளவு அடிப்பார் என்று. உண்மையில் உயிரை வாங்குவது நடைதான். துணைக்கு ஒரே ஒரு வேகம் வைத்தீர்கள் என்றால் நீங்கள் நடக்கும்போது முதுகில் முட்டுவார், ஓடும்போது பின்தங்குவார். அதனால் வேகத்தைத் தூரத்தோடு கட்ட வேண்டும். பக்கத்தில் இருந்தால் உங்கள் வேகமே அவருக்கும், இடைவெளி கூடக்கூட உங்களைவிடக் கொஞ்சம் அதிகம், மூன்று நான்கு அடி நெருங்கியதும் நின்றுவிட வேண்டும். நேர் பின்னால் வருவதைவிடத் தோள்பக்கம் சற்று விலகி வந்தால் திரும்பும்போதெல்லாம் முகத்தில் மோத மாட்டார், கண்ணிலும் அடிக்கடி படுவார். கதவு வாசலில் நிற்கவே கூடாது. வாசல் கட்டத்தை 'கடக்கலாம், நிற்கக் கூடாது' என்று தனியாகக் குறித்துவையுங்கள். அப்படியும் குறுகலான சுரங்கத்தில் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். அதற்கு ஒரே தீர்வு, வீரர் (கேமை ஆடுபவர்) அவரைத் தள்ளிக்கொண்டு போக முடிய வேண்டும், அல்லது இடம் மாறிக்கொள்ள முடிய வேண்டும். தன் வீட்டுக்குள்ளேயே துணையால் அடைபட்ட ஒருவர் அந்தத் துணையை மறுபடி கூட்டிக்கொள்ளவே மாட்டார்.

மைன்கிராஃப்டில் பழக்கிய ஓநாய் பன்னிரண்டு பிளாக்குக்கு (அந்த உலகம் முழுவதும் ஆகியிருக்கும் கனசதுரக் கட்டிகள்) மேல் பின்தங்கினால் நம் பக்கத்தில் வந்து தோன்றிவிடும். முரட்டுத்தனமான தீர்வு என்றாலும் சரியான தீர்வு. மனிதத் துணைக்கு இதையே கொஞ்சம் மறைவாகச் செய்யுங்கள்: கேமரா பார்க்காத பக்கம், மரத்துக்கோ மூலைக்கோ பின்னால் தோன்றவைத்து, அங்கிருந்து ஓடி வரவிடுங்கள். இதெல்லாம் ஏமாற்று இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளத்தில் விழுந்த துணையைத் தேடி வீரர் மலை ஏறி இறங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

பிளாக் உலகங்களில் இன்னொரு சிக்கல். வழி கண்டுபிடிக்க எல்லோரும் 1968-இல் வெளியான ஏ ஸ்டார் முறையைத்தான் ஏதோ ஒரு வடிவில் இன்றும் பயன்படுத்துகிறோம். நிலையான வரைபடத்தில் அது அருமையாக ஓடும். ஆனால் சர்வைவல் உலகத்தில் நீங்கள் ஒரு சுவரை உடைக்கிறீர்கள், ஒரு பாலம் கட்டுகிறீர்கள், நேற்று இருந்த வழி இன்று இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லோருக்கும் வழியை மறுபடி கணக்கிட்டால் கேம் திணறிவிடும். எனவே ஒருவர் போகும் வழியில் அடுத்த சில அடிகள் மட்டும் இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், அடைபட்டிருந்தால் மட்டும் மறுகணக்கு. தேடலுக்கு ஒரு மேல்வரம்பு வையுங்கள், வரம்பைத் தாண்டியும் வழி கிடைக்கவில்லை என்றால் அந்த ஆள் முயற்சியைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும். இந்தக் 'கைவிடுதல்' இல்லாத மோடுகளில்தான் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருக்கும் ஆட்களைப் பார்க்கிறோம். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரின் கணக்கையும் ஒரே டிக்கில் (கேம் தன் உலகத்தை ஒருமுறை புதுப்பிக்கும் கணத்தில்) போடாமல் ஆளுக்கொரு டிக்காகப் பிரித்துவிடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒளிந்து போகும் ஆட்டம் உங்கள் கேமில் இருந்தால், எதிரியின் கண்ணில் துணை படலாமா என்ற கேள்வி வரும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் நாம் ஒளிந்திருக்கும்வரை கூட வருபவர்களை எதிரிகள் கண்டுகொள்வதே இல்லை. சில நேரம் எதிரியின் மூக்குக்கு முன்னாலேயே கூட வரும் எல்லி ஓடுவாள், பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அவள் தவறால் நாம் மாட்டிக்கொண்டால் வரும் கோபத்தோடு ஒப்பிட்டால் அந்த விசித்திரம் ஒன்றுமே இல்லை. துணைமேல் வீரருக்குக் கோபம் வரும்படி எதையும் வைக்காதீர்கள். பயாஷாக் இன்ஃபினிட் கேமில் கூட வரும் எலிசபெத்தை நாம் காப்பாற்ற வேண்டிய அவசியமே சண்டையில் இருக்காது, மாறாகக் குண்டு தீரும் நேரத்தில் அவள்தான் நமக்கு எடுத்து வீசுவாள். அந்தச் சின்ன உதவியில் வந்த நெருக்கம் பெரிய வசனங்களில் வராது.

அப்புறம் வேலை. இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட். 2023 பிப்ரவரியில் முன்னோட்டப் பதிப்பாக வந்தது. அதில் கெல்வின் என்ற துணைக்கு ஹெலிகாப்டர் விபத்தில் காது கேட்காமல் போய்விடுகிறது. அதனால் நாம் அவனுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காட்டுகிறோம்: கட்டை கொண்டுவா, மீன் பிடி, இங்கேயே இரு. எவ்வளவு நல்ல யோசனை என்று பாருங்கள். சில கட்டளைகள் மட்டும் இருக்கும் ஒரு மெனு, கதையிலிருந்தே முளைத்த ஒரு காரணத்தால், குறையாகத் தெரியாமல் அவன் இயல்பாகவே ஆகிவிட்டது. அவன் ஆயுதமும் எடுப்பதில்லை, கட்டை சுமக்கிறான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானிலேயே அவனை இழக்கக் கூடாது என்று ஆகிவிடுகிறது. அதே கேமில் வர்ஜீனியா வேறு மாதிரி. முதலில் தூரத்தில் நின்று பார்ப்பாள், நெருங்கினால் ஓடிவிடுவாள், ஆயுதத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் போக்கில் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வருவாள், பழகிய பிறகு நாம் கொடுக்கும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நமக்காகச் சுடுவாள். உங்கள் முதல் துணையை எழுதும்போது இந்த இரண்டு பேரில் யார் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்: வந்த நாளே கூட இருப்பவரா, சம்பாதிக்க வேண்டியவரா.

வேலை செய்யும் துணைக்கு ஒரு கறாரான விதி வேண்டும். வீரர் வைத்த எதையும் அவர் உடைக்கக் கூடாது. மரம் வெட்டச் சொன்னால், மரவீட்டைத் தாங்கி நிற்கும் மரத்தையே வெட்டுவார். அவருக்கு எல்லாம் மரம்தான். எனவே வீரர் கையால் வைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அடையாளம் போட்டுவைத்து, அடையாளம் உள்ளதையும் அதைத் தொட்டுக்கொண்டு இருப்பதையும் துணையின் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள். பெட்டிகளும் அப்படியே, எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கலாம் என்று வீரர் சொன்ன பெட்டி மட்டும்.

சாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணை நிரந்தரமாகச் சாகலாமா? சாகலாம் என்பதே என் கருத்து, ஆனால் எதனால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எதிரியோடு மோதி, நம்மால் காப்பாற்ற முடியாமல் போனால் அது கதை. எரிமலைக் குழம்புக்குள் தானாக நடந்து போனால் அது நிரலின் கோளாறு, அதற்காக யாரும் அழ மாட்டார்கள். அதனால் தீ, விழுதல், மூழ்குதல் இவற்றால் துணைக்கு உயிர் போகாதபடி செய்துவிட்டு, எதிரியின் அடி மட்டும் உண்மையாக வலிக்கட்டும். அதிலும் முதலில் கீழே விழுந்து கிடக்கும் நிலை ஒன்று இருக்கட்டும், குறிப்பிட்ட நேரத்துக்குள் தூக்கிவிட்டால் பிழைப்பார். வீட்டுக்குச் சுமந்துகொண்டு போய்ப் படுக்கையில் கிடத்தினால்தான் தேறுவார் என்று வைத்தால் இன்னும் நல்லது. இரவில், கை இரண்டும் நிறைந்து, ஆயுதம் எடுக்க முடியாமல் ஒருவரைச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் பயணம் எந்த வசனமும் இல்லாமலே அந்த ஆளை வீரருக்கு நெருக்கமாக்கிவிடும்.

துணை சரியாக வந்துவிட்டால் ஊருக்குப் போகலாம். ஊருக்கு முதல் கேள்வி, ஆட்கள் ஏன் வருகிறார்கள்? டெராரியா என்ற கேம் இதை 2011-லேயே அழகாகத் தீர்த்துவைத்திருக்கிறது. சுவர், கதவு, விளக்கு, மேசை, நாற்காலி உள்ள ஒரு அறை தயாராக இருக்க வேண்டும், கூடவே ஒரு நிபந்தனையும் நிறைவேற வேண்டும்: வணிகர் வர நம்மிடம் 50 வெள்ளிக்காசுக்கு மேல் இருக்க வேண்டும், வெடிமருந்துக்காரர் வர நம் கையில் வெடி இருக்க வேண்டும். அதாவது நாம் எப்படி ஆடுகிறோமோ அதைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள். பின்னர் 2020-இல் வந்த 1.4 பதிப்பில் யாருக்கு எந்த நிலப்பகுதி பிடிக்கும், யார் பக்கத்தில் இருந்தால் பிடிக்கும் என்றும் சேர்த்தார்கள், பிடித்த இடத்தில் இருந்தால் விலையைக் குறைப்பார்கள். எல்லோரையும் ஒரே அடுக்குமாடிக்குள் திணித்துக்கொண்டிருந்த வீரர்கள் அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சின்னச் சின்ன ஊர்கள் கட்டினார்கள். ஒரு சின்ன விலை வித்தியாசம் செய்த வேலை இது. ஆட்களை ஒவ்வொருவராக வரவிடுங்கள், ஒருவர் வந்து அடுத்தவர் வருவதற்குள் முதலில் வந்தவரின் பெயர் வீரர் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் என்ன செய்வார்கள்? இங்கேதான் மைன்கிராஃப்டின் 1.14 பதிப்பைக் கூர்ந்து பார்க்கச் சொல்வேன். 2011-இல் கிராமவாசிகள் வந்தபோது வெறுமனே சுற்றினார்கள், 2012-இல் வியாபாரம் வந்தது, 2019 ஏப்ரலில் 1.14 வந்த பிறகுதான் அவர்களுக்கு வாழ்க்கை என்று ஒன்று வந்தது. படுக்கை, வேலைக்கான பொருள், ஊர் மணி, இந்த மூன்றும்தான் அடித்தளம். விவசாயிக்கு உரத்தொட்டி, நூலகருக்குப் புத்தக மேடை, இப்படி ஒவ்வொரு தொழிலும் ஒரு பொருளில் இருக்கிறது. வேலை இல்லாதவர் பக்கத்தில் அந்தப் பொருளை வைத்தால் அவர் அந்தத் தொழிலை எடுத்துக்கொள்கிறார். காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார், பிற்பகலில் மணியருகே கூடுகிறார்கள், பொழுது சாய்ந்ததும் படுக்கை. அறிவை ஆளுக்குள் வைக்காமல் பொருளுக்குள் வைக்கும் இந்த முறை 2000-இல் வந்த தி சிம்ஸ் கேமிலேயே இருந்தது. அங்கே குளிர்சாதனப் பெட்டி 'என்னிடம் வந்தால் பசி தீரும்' என்று சுற்றிலும் அறிவிக்கும், பசியுள்ளவர் அதை நோக்கி வருவார். நீங்களே எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு அடுப்பையோ தறியையோ சேர்க்கும்போது ஆட்களின் நிரலைத் தொடவே வேண்டாம், பொருளுக்குள் எழுதினால் போதும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் விட்டுவிடுவது: எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் படுத்தால் பார்க்கவே பயமாக இருக்கும். ஆளுக்கு ஆள் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள், ஒருவர் அதிகாலைக்காரர், ஒருவர் சோம்பேறி. ஒரே ஒரு எண்ணை மாற்றுவதுதான் செலவு.

மைன்கிராஃப்ட் கிராமவாசிக்குப் பசியால் சாவு கிடையாது என்பதையும் கவனியுங்கள். ரொட்டியும் கேரட்டும் அவர்கள் பெருகுவதற்குத்தான் வேண்டும், உயிரோடு இருப்பதற்கு வேண்டாம். உங்கள் ஊரில் பசி வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அதன் சுமை வீரர் தலையில் விழக் கூடாது. ஃபால்அவுட் 4 ஊர்களில் படுக்கை, உணவு, தண்ணீர், பாதுகாப்பு எல்லாமே எண்ணாக இருக்கும், அது சரிதான். சங்கடம் எதில் என்றால், எங்கோ ஒரு மூலையில் ஒரு ஊரைத் தாக்குகிறார்கள் என்று செய்தி வரும், நாம் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும், பீரங்கியும் சுவரும் நிறைய வைத்த ஊருக்குமே சில நேரம் நாம் நேரில் போனால்தான் ஆயிற்று. கொஞ்ச நாளில் ஊர் என்றாலே எரிச்சல். என் முறை இது: ஊர் தன் சின்னப் பிரச்சினைகளைத் தானே தீர்த்துக்கொள்ளட்டும், நாம் திரும்பி வரும்போது என்ன நடந்தது என்று ஒருவர் சொல்லட்டும். 'நேற்று ராத்திரி ரெண்டு ஓநாய் வந்தது, வேலி ஒரு பக்கம் போச்சு, சரி பண்ணிட்டோம்' என்று ஒரு வரி. பெரிய ஆபத்து வரும்போது மட்டும், அதுவும் முன்கூட்டியே, நம்மைக் கூப்பிடட்டும்.

இனி நினைவு. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். யார், என்ன செய்தார், எப்போது, எவ்வளவு முக்கியம் என்று நான்கு கட்டம் உள்ள ஒரு குறிப்பு, ஒரு ஆளுக்கு இருபது முப்பது குறிப்புகள், நாளாக நாளாக முக்கியம் குறைந்து சின்னவை உதிர்ந்துவிடும், பெரியவை நிற்கும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் கிராமவாசிகள் உண்மையாகவே வதந்தி பேசுகிறார்கள்: நீங்கள் ஒருவரை அடித்தால் அவர் மனதில் பதிகிறது, அவர் இன்னொருவரைச் சந்திக்கும்போது அது கொஞ்சம் வலு குறைந்து அவருக்கும் போகிறது, அதைப் பொறுத்து விலை ஏறுகிறது, மிகவும் கெட்ட பெயர் வாங்கினால் ஊரைக் காக்கும் 'அயர்ன் கோலெம்' என்ற இரும்பு ராட்சத உருவமே நம்மை அடிக்க வருகிறது. ஜாம்பியாகிப்போன ஒரு கிராமவாசியைப் பலவீன மருந்தும் தங்க ஆப்பிளும் கொடுத்துக் குணப்படுத்தினால் அவர் நமக்கு விலையைக் குறைக்கிறார், அந்த நல்ல பெயரில் ஒரு பங்கு மற்றவர்களிடமும் பரவுகிறது. பெரும்பாலான வீரர்களுக்கு இப்படி ஒன்று உள்ளே ஓடுவதே தெரியாது, ஏனென்றால் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அதைக் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுவருவது. நீங்கள் காப்பாற்றியவரின் பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் இதுவரை பேசியே இராத ஒருவர், 'நீங்கதானே அன்னைக்கு அவளை ஆத்துலருந்து தூக்கினது?' என்று கேட்கும் இடத்தில்தான் ஊர் ஊராகிறது.

வசனத்துக்கு வால்வ் நிறுவனம் லெஃப்ட் 4 டெட் கேமில் செய்த முறையையே இன்றும் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு வரிக்கும் சில நிபந்தனைகள்: மழை பெய்கிறது, பேசுபவர் காயப்பட்டிருக்கிறார், வீரர் நேற்று இவருக்கு உதவினார். இப்போதைய நிலைமைக்குப் பொருந்தும் வரிகளில் அதிக நிபந்தனை உள்ள வரியே சொல்லப்படும். பொதுவான வரிகள் கொஞ்சம், குறிப்பான வரிகள் நிறைய எழுதிவிட்டால், மழை நாளில் காயத்தோடு இருப்பவர் சொல்லும் ஒரு வரி எப்போதோ ஒருமுறை வரும், அந்த ஒருமுறையை வீரர் மறக்க மாட்டார். சொன்ன வரியை உடனே திரும்பச் சொல்லாதபடி ஒரு பூட்டுப் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். ஆயிரம் வரி எழுதியும் ஒரே வணக்கத்தை நாற்பது முறை கேட்டால் எல்லாம் வீண்.

மொழி மாதிரிகளை (சாட்ஜிபிடி போலத் தானாகப் பேச்சை உருவாக்கும் நிரல்களை) இணைத்துப் பேசவைக்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். முடியும். ஸ்கைரிம் கேமுக்கு மான்டெல்லா என்ற மோட் இருக்கிறது, மைக்கில் பேசினால் என்பிசி பதில் சொல்வார். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்னக் கணினி ஊரில் 25 பாத்திரங்களை விட்டுப் பார்த்தார்கள், ஒரு பாத்திரத்துக்கு விருந்து நடத்தும் எண்ணத்தைக் கொடுத்ததும் அவை தங்களுக்குள் அழைப்பைப் பரப்பி நேரத்துக்கு வந்து கூடின. ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் வேலை செய்ததும் நினைவுக் குறிப்பும் அன்றைய திட்டமும்தான், பேச்சு அதன்மேல் உட்கார்ந்தது. அடியில் அது இல்லாமல் பேச்சை மட்டும் ஒட்டினால், வாயால் வீடு கட்டித் தருகிறேன் என்பார், கையால் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டார். வீரருக்கு அந்த நொடியே நம்பிக்கை போய்விடும். முதலில் செய்கை, பிறகு பேச்சு.

இனி யாரும் விரும்பாத, ஆனால் தவிர்க்க முடியாத பகுதி: நீங்கள் இல்லாதபோது ஊர் என்ன ஆகிறது. மைன்கிராஃப்ட் மாதிரி உலகங்கள் 16-க்கு 16 பிளாக் கொண்ட துண்டுகளாக ஓடுகின்றன, வீரரிடமிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள துண்டுகள் அப்படியே உறைந்துவிடும். நீங்கள் ஐந்து நாள் வேட்டைக்குப் போய் வந்தாலும் விவசாயி அதே அடியில் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார். எல்லாத் துண்டுகளையும் எப்போதும் ஓடவைப்பது தீர்வாகாது, கணினி தாங்காது. ஒவ்வொரு ஊருக்கும் கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறித்துவையுங்கள். திரும்பி வரும்போது இடையில் போன நாட்களுக்கு ஒரு கணக்குப் போடுங்கள்: இத்தனை உழவர், இத்தனை நாள், இவ்வளவு தானியம், இத்தனை பேர் சாப்பிட்டார்கள், ஓநாய் வர எவ்வளவு வாய்ப்பு. முடிவைப் பெட்டிகளிலும் வேலிகளிலும் ஆட்களின் நினைவிலும் எழுதிவிட்டு, ஒவ்வொருவரையும் அந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே நிறுத்துங்கள். வீரர் கண்ணில் படுவதற்கு முன்னால் இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை, இந்தக் கணக்கில் சாவை மட்டும் சேர்க்காதீர்கள். நீண்ட நாள் கழித்து வந்தவருக்குப் பிடித்த ஆள் பார்க்காத நேரத்தில் போய்விட்டார் என்று ஒரு எண் சொல்வது பெரிய கொடுமை. காயம், நோய், மனக்கசப்பு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதப் பொறுமை இல்லை, தயாரான மோட் போதும் என்பவர்களுக்கு. மைன்கிராஃப்டில் ஊரைக் கட்டி நிர்வகிக்கும் ஆசை என்றால் மைன்காலனீஸ். கட்டுபவருக்கு நாம் பொருள் கொடுத்தால் அவர் கண்ணெதிரே கல் கல்லாகக் கட்டுவார், உழவர், காவலர், சாமான் சுமப்பவர் என்று ஊர் வளரும். குடும்பம், உறவு, முகம் என்று வேண்டுமானால் மைன்கிராஃப்ட் கம்ஸ் அலைவ், அது கிராமவாசிகளை மனிதர்களாகவே மாற்றிவிடும். நாம் தலையிடாமலே தானாக வளரும் ஊர்கள் வேண்டும் என்பவர்களுக்கு மில்லேனேர் பழைய, அன்பான ஒரு மோட், நார்மன், இந்திய, மாயா என்று பண்பாடு பண்பாடாக ஊர்கள் இருக்கும். ஊர்க்காவல் மட்டும் போதும் என்றால் கார்ட் வில்லேஜர்ஸ். புராஜெக்ட் ஜோம்பாய்ட் கேமில் ஆரம்பப் பதிப்புகளில் இருந்த என்பிசிகளை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தை சூப்பர்ப் சர்வைவர்ஸ் போன்ற மோடுகள் நிரப்பின. மோட் இல்லாமலே இந்த அனுபவம் வேண்டும் என்றால் நோ மேன்ஸ் ஸ்கையில் 2021-இல் வந்த இரண்டு அப்டேட்டுகளைப் பாருங்கள், ஒன்றில் கூடவே வரும் விலங்குகள், மற்றொன்றில் நாம் பொறுப்பேற்று நடத்தும் குடியிருப்புகள். முதலிலிருந்து நீங்களே எழுதிப் பழக வேண்டும் என்றால் 2024 வரை மைன்டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட லுவான்டி என்ற பிளாக் கேம் தளம் மிகவும் நல்ல இடம்; லுவா மொழியில் எழுதலாம், நடமாடும் உயிர்களை எழுத மாப்ஸ் ரீடோ என்ற தயாரான அடித்தளம் இருக்கிறது.

எந்த மோட் போட்டாலும் முதலில் உங்கள் சேவ் ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஆட்களைச் சேர்க்கும் மோடை நடுவில் நீக்கினால் அந்த ஆட்கள் மட்டும் போவதில்லை, அவர்களின் வீடுகள், பெட்டிகள், சில நேரம் அந்தத் துண்டு நிலமே கெட்டுப்போகலாம். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மோடுகளைச் சேர்த்துப் போடவும் கூடாது, இரண்டும் ஒரே கிராமவாசியின் மூளையைப் பிடித்து இழுக்கும்.

கடைசியாக ஆட்டத்தின் சமநிலை. ஊர் வந்ததும் உயிர்பிழைக்கும் போராட்டம் தளர்ந்துவிடும், இது எல்லா கேமிலும் நடக்கிறது. மைன்கிராஃப்டில் சில நூலகர்களை வரிசையாக அடைத்துவைத்தால் நல்ல மந்திரப் புத்தகங்கள் எல்லாம் கைக்கு வந்துவிடும், சுரங்கத்துக்குப் போகவே அவசியம் இல்லை. ஆட்களைக் கூண்டில் அடைப்பது லாபம் என்று ஆகிவிட்டால் வீரர்கள் அடைக்கத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே நடமாடி, வேலை செய்து, நாலு பேரைச் சந்தித்தவரிடம் மட்டும் நல்ல சரக்கு இருக்கும்படி வைத்துவிட்டால் கூண்டு தானாகப் போய்விடும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் தூரம் நிறைய விடுங்கள், அந்த நடுவெளியில் பழைய தனிமை அப்படியே இருக்கட்டும். குளிரும் இருட்டும் அங்கே குறையக் கூடாது.

எல்லாம் வைத்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். துணையை ஊரிலேயே விட்டுவிட்டு, விளையாட்டுக் கணக்கில் ஒரு வாரம் வெளியே போய் வாருங்கள். வந்ததும் யாரிடமும் பேசாமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நீங்கள் சொல்லாமல் மாறியது ஏதாவது கண்ணில் பட வேண்டும், அதற்கான காரணத்தை அங்கே யாரிடமாவது கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அடுத்த ஆளைச் சேர்ப்பதை நிறுத்திவைத்துவிட்டு, இருப்பவர்களின் வேலைப் பொருட்களையும் நினைவுக் குறிப்புகளையும் முதலில் சரிபாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.